குளவிச் சத்தம் போடுகிற மிஷின்

ட்ரோன் ஓட்டுகிற தொழிலில் மிஷின் மேலே இருப்பது இருபது நிமிஷம். அதற்கு முன்னால் கீழே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது இரண்டு மணித்தியாலம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பேட்டரி நிறைந்ததா, விசிறி இறுகியிருக்கிறதா, காற்று எவ்வளவு, திசைகாட்டி வடக்கை வடக்கென்று காட்டுகிறதா என்று நீங்களும் என்னைப்போலக் காலையில் விரல்விட்டு எண்ணுகிறவர்கள்தான். எண்ணி முடிப்பதற்குள் யாராவது பின்னால் வந்து நின்று, இது என்ன விலை என்று கேட்டிருப்பார். விரல் எதில் நின்றது என்று மறந்து, நீங்களும் முதலிலிருந்து எண்ணியிருப்பீர்கள்.

நான் பதுளைக்காரன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆட்கள் இரண்டே பேர். ஓட்டுவது நான். பக்கத்தில் நின்று மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது நிமல் அண்ணன். நான் கையிலிருக்கும் திரையைப் பார்க்கிற நேரத்தில் வானத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது விதி. அவர் சிங்களவர், என்னை 'மல்லி' என்று கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். பதுளையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழில் குறை கண்டுபிடிக்க முடியாது, கோபம் வரும்போது மட்டும் கொஞ்சம் பிசகும்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று எங்களை ஒரு மாதத்துக்கு வேலைக்கு எடுத்தது. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைத் துண்டையும் 'மலை' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு மலையாக மேலிருந்து படம் எடுத்து, எங்கே செடி செத்து வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். என் அனுமதிப் பத்திரம் கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மிஷினால் ஓர் ஆளுக்கு அடிபட்டால் அது போய்விடும். பத்திரம் போவதைவிட எனக்குப் பயம், அடிபட்ட ஆளின் முன்னால் போய் நிற்பது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. மன்னிப்புக் கேட்டால்கூட எதிராளியின் காதில் விழாது. ஆகவே அந்த ஒரு மாதமும் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: கீழே நிற்கிற யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

தொட்டி மூடி

வேலை தொடங்குவதற்கு முன் அந்தப் பகுதிப் பொலிஸில் சொல்லி வைக்க வேண்டும். கொழும்பு விமானப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், பத்திரத்தின் பிரதி, காப்புறுதி, எந்தெந்த மலை, என்னென்ன நாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். நடுத்தர வயது சார்ஜன்ட் ஒருவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டார். நானூறு அடிக்கு மேல் போகக் கூடாது என்றேன். போகக் கூடாதா, போகாதா என்று கேட்டார். போகும், ஆனால் போகக் கூடாது என்றேன். இந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. இப்படி ஒரு பதிலைத் தாம் இந்த மேசையில் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை என்றார்.

எங்கே முகாம் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேலே வரக் கூடாது என்று அவரே ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஆளுக்கு ஏதாவது ஆனால் இந்தக் கடிதம் திரும்ப என் மேசைக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகு கூப்பிட்டார். விதியில் இன்னும் ஏதோ பாக்கி என்று நினைத்துத் திரும்பினேன்.

"தம்பி, நீங்க பறக்கவிடுற எடத்துக்குக் கீழதான் நம்ம வீடு. தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்கா இல்லியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, ஏணி வைக்கப் பயமா இருக்கு."

பெரட்டுக் களத்தில் ஒரு பேச்சு

கீழே வேலை செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று விதி. தோட்டத்தில் எல்லாரையும் ஒன்றாகப் பிடிக்கிற ஒரே இடம் காலைப் பெரட்டு. வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்து, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுகிற நேரம். சின்ன தொரை, அதாவது உதவி முகாமையாளர், என்னை முன்னால் நிற்க வைத்து "பேசுங்க" என்றார். நான் பேசினேன். மிஷின் எழும்புகிற இடத்திலிருந்து நூறடி தள்ளி நிற்க வேண்டும், கீழே விழுந்தால் தொடக் கூடாது, தலைக்கு நேர் மேலே கொண்டுவர மாட்டோம் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

முன் வரிசையில் இருந்த நான்கு பேர் தலையாட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள், நான் ஏதோ துக்கச் செய்தி சொல்கிறேன் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் நிமல் அண்ணன் முன்னால் வந்து, அதையே இரண்டே வரியில் மலைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லி முடித்தார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதும் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ராஜாமணி அக்கா. கொழுந்து எடுக்கிறவர்களில் மூத்தவர் அல்ல, ஆனால் அவர் பேசினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதை அன்றைக்கே பார்த்தேன். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மிஷின் பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். தோட்டத்தில் அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

"இது செத்த செடிய எண்ண வந்திருக்கா, இல்ல எங்கள்ல யாருக்கு அரைப் பேர் போடலாம்னு மேல இருந்து பார்க்க வந்திருக்கா?"

காற்றாடிக்கு ஓடியது

முதல் நாள், ஏழாம் நம்பர் மலை. காற்று இல்லை, வெயில் சுத்தமாக இருந்தது, எல்லாம் விரல்விட்டு எண்ணி முடித்தாயிற்று. மிஷினை எழுப்பினேன். ஏழாம் நம்பரில் ஓர் ஆள் கிடையாது. பக்கத்து எட்டாம் நம்பரில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேடு. நான் நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எழும்பி ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே குரல்: "குளவி!"

தேயிலைத் தோட்டத்தில் பாம்புக்குக்கூட இவ்வளவு பயம் இல்லை. பாம்பு ஒன்றுதான் வரும், குளவி கூடாகவே வரும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள், யோசிக்கவும் கூடாது. மிஷினை இறக்கிவிட்டு நாங்கள் மேட்டில் ஏறிப் பார்க்கிறபோது எட்டாம் நம்பரில் ஆளே இல்லை. பாதிப் பேர் கீழே ரோட்டில் நின்றார்கள். பாதிப் பேர் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு செடிக்கடியில் குப்புறப் படுத்திருந்தார்கள். என் மிஷின் சத்தமும் குளவிச் சத்தமும் ஒன்றாக இருக்கும் என்று நாங்கள் படித்த எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. பெரட்டில் நானும் அதை மட்டும் சொல்லவில்லை.

ராஜாமணி அக்கா தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குதித்ததில் கால் பிசகிவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னியுங்கள் அக்கா என்றேன், என்ன சொல்கிறீர்கள் என்று காதைக் கொடுத்தார், திரும்பச் சொன்னேன். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னையும் நிமல் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா நெசக் குளவிக்கு ஓடினவ. இன்னைக்குப் போயும் போயும் ஒரு காத்தாடிக்கு ஓடிக் கால ஒடச்சிக்கிட்டேன்னு எம் புருஷங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க தம்பி."

எந்தக் கட்டத்தில் போடுவது

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். மூன்று நாளில் வேலைக்கு வந்துவிட்டார். ஆனாலும் ஆளுக்கு அடிபட்டால் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று நிமல் அண்ணன் ஒருமுறை சொன்னார். ஒருமுறைதான் சொன்னார். பிறகு அவரே கடைக்குப் போய்ப் படிவத்தை அச்செடுத்து வந்தார். பத்திரம் போனால் போகட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம்.

நான்காம் நாள் கொழும்பு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் மரியாதையான ஆள். படிவத்தை வாசித்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார். ட்ரோன் யார் மேலாவது பட்டதா? இல்லை. கட்டடத்தில் பட்டதா? இல்லை. அப்படியானால் குளவிதான் கொட்டியதா? இல்லை, குளவியே வரவில்லை. அப்புறம் எப்படிக் கால் சுளுக்கியது? சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ கேட்பது கேட்டது. பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனிப் பக்கத்து மலைக்காரர்களுக்கும் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பறக்கவிட வேண்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. கடைசியில் அவருக்கே ஒரு சங்கடம் மிஞ்சியிருந்தது.

"காரணம் என்ற இடத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் சரி போட்டால்தான் கணினி ஏற்கும். குளவி என்று கட்டம் இல்லை. இப்போதைக்குப் பறவை என்று போடுகிறேன், கோபிக்க வேண்டாம்."

பார்க்கிறவர்

கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் மிஷின் இருக்க வேண்டும். அப்புத்தளைப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்பது காலை பத்து மணிக்கு இரண்டு மைல், பத்தேகாலுக்கு இரண்டு முழம். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அன்றைக்கு அது ஏறி வந்தபோது மிஷின் பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு மேலே நின்றது. திரை முழுக்க வெள்ளை.

'வீட்டுக்குத் திரும்பு' என்கிற பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது: திரும்புகிற உயரத்தை நடுவில் நிற்கிற உயரமான டர்பன்டைன் மரங்களுக்கு மேலே வைத்தேனா, கீழே வைத்தேனா? காலையில் எண்ணும்போது அதையும் எண்ணியிருந்தேன் என்பது ஒரு நிமிஷம் கழித்து மிஷின் பத்திரமாகத் தலைக்கு மேலே சத்தம் கொடுத்தபோதுதான் உறுதியானது. அந்த ஒரு நிமிஷமும் நான் நிமல் அண்ணனிடம், தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்து அசையாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மல்லி, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பார்க்கத்தான் ஒண்ணும் இல்ல."

சாமிக்கு மேலே

இரண்டாவது வாரத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் வந்து, தேர் இறங்குகிறபோது மிஷினைத் தேருக்கு நேர் மேலே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். கூட்டத்துக்கு மேலே விடக் கூடாது என்றேன். பூ மாதிரி லேசாக நிறுத்தினால் போதும் என்றார். லேசாக நின்றாலும் விழுகிறபோது லேசாக விழாது என்று நிமல் அண்ணன் சொன்னார். மேட்டிலிருந்து பக்கவாட்டில் எடுத்துத் தருகிறோம் என்று சமாதானம் செய்தோம். படம் நன்றாகத்தான் வந்தது. தேர், கூட்டம், பின்னால் மலை, எல்லாமே ஒரே சட்டத்துக்குள் விழுந்தன. தலைவர் அதைக் கைபேசியில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். திருப்திதான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

"எங்க எல்லாருக்கும் மேல சாமி இருக்கலாம், ஒங்க மிஷினு மட்டும் இருக்கக் கூடாதாக்கும். சாமிக்கே இல்லாத சட்டம்."

பழக்கம்

எட்டாம் நம்பரில் நடந்த பிறகு, ஒவ்வொரு நாளும் பெரட்டில் மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவிட்டுக் காட்டினோம். கேட்டுக்கொள்ளுங்கள், இதுதான் எங்கள் சத்தம், இதற்கு ஓடாதீர்கள் என்று நிமல் அண்ணன் உரக்கச் சொல்வார். முதல் நாள் சிலர் காதைப் பொத்தினார்கள். மூன்றாம் நாள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மலையில் நான் பறக்கவிட்டாலும் கொழுந்து எடுக்கிற கை நிற்காது. விதிப்படி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எனக்குத் திருப்தி. நாட்குறிப்பில், 'தொழிலாளர்கள் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

அவர்களுடைய கங்காணி மாரிமுத்து அண்ணன். வேலைக்காரர்களைக் கூட்டிப் போய் மேற்பார்க்கிறவர், பேச்சு குறைவு. அன்றைக்கு அவராகவே வந்து என் தோளில் தட்டினார்.

"இப்பெல்லாம் தலைக்கு மேல 'ஙொய்'ன்னு கேட்டா யாரும் நிமுந்துகூடப் பார்க்கறதில்ல தம்பி. நல்லாப் பழக்கிட்டீங்க."

மிஷின் தரையில் இருந்தபோது

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. பதினான்காம் நம்பர் மலைக்குக் கீழே ரோட்டோரத்தில், பக்கத்து மலையைப் படம் எடுப்பதற்காகப் பாயை விரித்து, மிஷினை வைத்து விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமல் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு இன்னொரு பேட்டரி கொண்டுவரப் போயிருந்தார். மலையின் மேல்பாதியில் பதினெட்டுப் பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தம் கேட்டது. பழக்கத்தில் நான் நிமிர்ந்து வானத்தில் மிஷினைத் தேடினேன். ஒரு கணம்தான். அப்புறம் பாயைப் பார்த்தேன். மிஷின் அங்கேதான் இருந்தது, ஒரு விசிறி என் கையில்.

மலை உச்சியில் இருந்த மரத்தில் காய்ந்த கொப்பு ஒன்று முறிந்து தொங்கியது. அதைச் சுற்றிப் புகை மாதிரி ஏதோ சுழன்றது. புகை கீழே இறங்கியது. அதற்கும் முதல் வரிசைப் பெண்களுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது செடிதான் இருக்கும். ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கவில்லை. கை கொழுந்தை ஒடித்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டே இருந்தது. தம்பி ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

குளவி என்று கத்தினேன். என் குரல் ரோட்டைத் தாண்டவில்லை. இன்னொரு தரம் கத்தினேன், அதுவும் தாண்டவில்லை. மேலே ஓடிப்போகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. மிஷினை இரண்டு கையாலும் தூக்கி, ரோட்டோரக் கல்லின்மேல் ஏறித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று விசிறியோடு, சத்தம் இல்லாமல். கூடையைச் சரிசெய்யத் திரும்பிய ராஜாமணி அக்கா என்னைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது, மரத்துக்கும் கேட்டிருக்கும். பதினெட்டுப் பேரும் படங்குக்குள் போனார்கள். எல்லாரும் படுத்தார்களா என்று பார்த்துக்கொண்டு நின்ற மாரிமுத்து அண்ணனுக்கு முகத்திலும் கழுத்திலும் கொட்டியது. இன்னும் இரண்டு பேருக்குக் கையில். நிமல் அண்ணன் வந்ததும் மூவரையும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மூவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வேனில் கூடவே வந்த ராஜாமணி அக்காவிடம், நான் கத்தியது கேட்டதா என்று கேட்டேன்.

"கத்துனீங்களா? அது ஒண்ணும் கேக்கல தம்பி. மிஷின ஒங்க கையில பார்த்தேன், சத்தத்த மேல கேட்டேன், ரெண்டும் ஒத்துவரல."

பறக்காத மிஷினுக்கு அறிக்கை

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. குளவி என் மிஷினால் வரவில்லை, கொப்பு முறிந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பெண்களின் காதை மழுங்கடித்தது யார்? முப்பது வருஷம் அவர்களைக் காப்பாற்றி வந்த ஒரு பயத்தை நான் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டு, நாட்குறிப்பில் கோடு வேறு போட்டிருந்தேன். படிவத்தை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். பறந்த உயரம் என்ற இடத்தில் பூஜ்யம். பறந்த நேரம் பூஜ்யம். காயப்பட்டவர்கள் மூன்று.

கொழும்பிலிருந்து அதே மரியாதையான ஆள்தான் பேசினார். இந்தமுறை அவரிடம் கேள்வியே இல்லை. பறக்காத மிஷினுக்கு எங்கள் விதியில் இடம் கிடையாது, உங்கள் பத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தம் இருக்கிறது ஐயா என்றேன். உரக்கப் பேசுங்கள் என்றார். திரும்பச் சொன்னேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தரையில் இருந்த ட்ரோனுக்கு விபத்து அறிக்கை எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். நல்ல காரியம்தான், ஆனால் தயவுசெய்து வேறு யாருக்கும் பழக்கிவிடாதீர்கள்."

மடுவ நேரம்

விதியில் இடம் இல்லை என்றால் நாமே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விசில் ஊதலாம் என்று நான் நினைத்தேன். கொழுந்து எடுக்கிறவர்களையே கூட்டிக் கேட்டோம். விசில் மேட்டைத் தாண்டாது, காற்றடித்தால் கேட்காது என்றார்கள். ராஜாமணி அக்காதான் வழி சொன்னார். கொழுந்து நிறுக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை எல்லாரும் மலையை விட்டு மடுவத்துக்கு இறங்குகிறோம், ஓர் ஆள் மிஞ்ச மாட்டோம், அந்த நேரத்தில் மட்டும் உங்கள் மிஷினை விடுங்கள் என்றார். அப்படியென்றால் மலையில் நிற்கிறபோது தலைக்கு மேல் சத்தம் கேட்டால் அது குளவிதான். வேறு யோசனையே வேண்டாம், பழையபடி படங்கை இழுத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

மறுநாள் பெரட்டில் சின்ன தொரையிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் நாட்காட்டியோடு வாழ்கிறவர். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பறந்தது இனி மூன்று தடவையாகிவிடும், மாதம் முடிவதற்குள் வேலை முடியாது, பெரிய தொரைக்கு என்ன பதில் சொல்வது என்றார். முடியாமல் போனால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து மாரிமுத்து அண்ணன் முன்னால் வந்தார். ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, உதடு வீங்கியிருந்தது.

"தொரை, இந்த மாசம் எண்ணலேன்னா செத்த செடி எந்திருச்சி ஓடிறப் போகுதுங்களா?"

சின்ன தொரை சிரித்துவிட்டார். பெரிய தொரையிடம் அவரே பேசி இன்னும் மூன்று வாரம் வாங்கித் தந்தார்.

யாருடையதோ ஒன்று

அந்த மூன்று வாரத்தில் இரண்டாவது வாரம். காலைக் கொழுந்து இன்னும் முடியவில்லை, யாரும் மடுவத்துக்கு இறங்கவில்லை. நாங்கள் ரோட்டோரத்தில் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். சத்தம் கேட்டது. நான் எழுந்திருப்பதற்குள் மலையில் ஆள் இல்லை. பச்சைச் செடிக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாகப் படங்குகள் மட்டும் தெரிந்தன. ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்து என்ன ஏது என்று யோசிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

குளவி இல்லை. மேலே ரோட்டுத் திருப்பத்தில் காரை நிறுத்தி, சுற்றுலா வந்த ஒரு பையன் சின்ன ட்ரோன் ஒன்றை மலைக்கு மேலே விட்டிருந்தான். பதிவு இல்லை, பத்திரம் இல்லை, பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. காற்று எவ்வளவு என்று கேட்டால் குளிராக இருக்கிறது என்றான். நிமல் அண்ணனுக்கு வந்த கோபத்தில் அவருடைய தமிழும் சிங்களமும் கலந்து, இரண்டு மொழியிலும் இல்லாத ஒன்று வந்தது. பையன் உடனே இறக்கிவிட்டான். நானும் அவனிடம் விதிகளை ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னேன். அவன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டான். கீழே போய், குளவி இல்லை, யாரோ விட்ட மிஷின்தான், வீணாகப் படுக்க வேண்டியதாகிவிட்டது என்று ராஜாமணி அக்காவிடம் சொன்னேன். அவர் எழுந்து படங்கிலிருந்த மண்ணை உதறிக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கொழுந்தை எடுக்கத் தொடங்கினார்.

"வீணு என்ன வீணு. மிஷினோ குளவியோ, நேரங்கெட்ட நேரத்துல வந்தா எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நானூறு அடிக்கு மேலே போகக் கூடாது என்பதைப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. எப்போது மேலேயே போகக் கூடாது என்பதை மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் சொல்லித்தந்துவிட்டார்கள், அதற்குச் சான்றிதழ்தான் யாரும் தரவில்லை.